கார்த்திகைக் காய்ச்சல்

அந்த வாளியை இங்கால, என் காலடியில் வையுங்கோ பிள்ளை. வழியில் இருந்தால் கொண்டக்டர் உதைத்துக்கொண்டுதான் போவார். தலையணையை மடியில் வைத்திருங்கோ, அது பாரமில்லைத்தானே. வாளி, தலையணை, அயன் பொக்ஸ், பூட்டுப் போட்ட சூட்கேஸ். பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது, கல்வியியற் கல்லூரிக்குப் போகிற பிள்ளை என்று. ரீச்சராக வரப்போகிறீர்கள். என்ன பாடம்?

சமயமும் ஆங்கிலமுமோ?

மாதாவே. இந்த பஸ்ஸில் இத்தனை சீற் இருக்க, கடவுள் உங்களை என் பக்கத்தில் கொண்டுவந்து இருத்தியிருக்கிறார் பாருங்கோ. என் மகளும் அதேதான். பெனிற்றா. என் கடைசிப் பிள்ளை. கத்தோலிக்க சமயமும் ஆங்கிலமும். படித்து முடித்து இப்போது நியமனமும் கிடைத்துவிட்டது.

நான் ஒன்று சொன்னால் கோபிக்கமாட்டீர்களே? நீங்கள் நல்லாப் படித்து வாங்கோ. ஆனால் படித்ததைக் கொண்டுவந்து பெற்ற தாயின் தலையில் போடாதேங்கோ. அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லமாட்டேன்.

இல்லை, அப்படிப் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. நான் ஆட்களிடம் சொல்லித் திரிகிறவள் இல்லை. எல்லாவற்றையும் செபத்தில் ஒப்புக்கொடுத்துவிட்டேன். ஒப்புக்கொடுத்ததைத் திருப்பி எடுத்துப் பார்க்கக்கூடாது. ஆனால் நீங்களும் அதே பாடம் என்றபடியால் சொல்லுகிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கோ, நான் செய்தது பிழையோ என்று.

என் பெயர் பிரகாசி. எங்களுக்குக் கடற்கரை ஊர். எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. அம்மாவுக்குச் சுகமில்லை, தம்பிமாரைப் பார்க்க ஆள் வேணும். பிறகு கலியாணம், பிள்ளைகள். ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் பூசை முடிந்ததும் கோயில் விறாந்தையில் சின்னப்பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறது நான்தான். முதல் நன்மை வாங்குகிற ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். எத்தனை ஃபாதர்மார் வந்து மாறிப் போனார்கள், ஒருவரும் என்னை மாற்றவில்லை. ஊரில் எல்லாருக்கும் நான் பிரகாசி ரீச்சர். மீன் சந்தைக்குப் போனால்கூட, 'ரீச்சர், இங்க வாங்கோ, நல்ல விளைமீன்' என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்புப் படித்தவளை ரீச்சர் என்கிறதென்றால் சும்மாவோ?

நான் பிள்ளைகளுக்கு அடிக்கிறதில்லை. பெரிய வகுப்பு எடுக்கிற யஸ்ரின் அக்கா பிரம்பு வைத்திருப்பா. எனக்கு அது பிடிக்காது. என் குரலே எழும்பாது. 'என்ர ஆட்டுக்குட்டியள்' என்றுதான் கூப்பிடுவேன். செபம் பாடமாக்கின பிள்ளைக்கு ஒரு தோடம்பழ இனிப்பு. பாடமாக்காத பிள்ளை, மற்றப் பிள்ளைகள் இனிப்பைத் தின்று முடியும்வரை முழங்காலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். அடியில்லை, ஏச்சில்லை. அடுத்த ஞாயிறு பாருங்கோ, எல்லாம் பாடம்.

கார்த்திகை மாதம், செத்துப்போய் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காகச் செபிக்கிற மாதம்தானே. அந்த மாதத்தில் ஒரு ஞாயிறு நரகத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பேன். சின்னதுகளுக்கு வாயால் சொன்னால் விளங்காது. பீடத்து மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி வைத்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, விரலைச் சுடருக்குக் கிட்டக் கொண்டுபோகச் சொல்லுவேன். தொட விடமாட்டேன். கிட்டத்தான். 'இதையே பொறுக்க ஏலாதெண்டால், முழு உடம்பும், முடிவே இல்லாமல் எண்டால் எப்பிடி இருக்கும் என்ர குஞ்சு?' என்று மெல்லக் கேட்பேன். அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் பொய் சொல்லாது. ஒரு பொடியன் பயத்தில் காற்சட்டையை நனைத்துவிட்டான். நான்தான் கழுவிவிட்டேன், முகம் சுளிக்கவில்லை. இப்போது அவன் எவ்வளவு நல்ல பிள்ளை தெரியுமோ? கோயில் பக்கம் வருகிறதில்லை, அது வேறு கதை. கொழும்பில் வேலை. ஆனால் நல்ல பிள்ளை.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கோ பிள்ளை, தூசி வருகுது.

பெனிற்றாவுக்குக் கல்லூரி நேர்முகத்தேர்வு என்றவுடன் நான் மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். கிடைத்தது. அவளுடைய அப்பா, 'மகள் இங்கிலீஷ் ரீச்சராக வரப்போறாள்' என்று கடற்கரை மீன்வாடியெல்லாம் சொல்லித் திரிந்தார். நான் 'சமய ரீச்சராக வரப்போறாள்' என்று கோயிலெல்லாம் சொல்லித் திரிந்தேன். பிள்ளை ஒன்று, பெருமை இரண்டு.

முதல் வருஷம் விடுதியிலிருந்து ஃபோன் எடுத்து அழுவாள். கிழமையில் ஒரு நாள் அங்கே தமிழ் கதைக்கக்கூடாதாம். அந்த நாளில் நான் எடுத்தால், 'யெஸ் அம்மா, நோ அம்மா' என்று குசுகுசுத்துவிட்டு வைத்துவிடுவாள். உங்களுக்கும் அப்படி வரும், பயப்படாதேங்கோ. பிறகு பழகிவிட்டாள். லீவுக்கு வருகிறபோது பிரிஸ்டல் மட்டை, கலர் பேனை, வெட்டி ஒட்டின படம் என்று ஒரு கட்டு கொண்டுவருவாள். படிப்பித்துப் பழகவேணுமாம். பழகுவதற்கு வீட்டில் பிள்ளைகள் யார்? நான்தான். ஃபிரிட்ஜ் கதவில் மட்டையை ஒட்டிவிட்டு என்னைக் கதிரையில் இருத்துவாள். 'அம்மா, நீங்கள் இப்ப ஏழாம் ஆண்டுப் பிள்ளை' என்பாள். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். நிறுத்தின பள்ளிக்கூடம் என்னைத் தேடிக்கொண்டு குசினிக்கே வந்தது மாதிரி.

ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் பிழையாகச் சொன்னாலும், 'குட் ட்ரை, அம்மா' என்பாள்.

'பிழையெண்டால் பிழையெண்டு சொல்லன்' என்றேன்.

'அப்பிடிச் சொன்னால் பிள்ளை பிறகு வாய் திறக்காது. முதல் பயம் போகவேணும் அம்மா. பிறகுதான் பாசை வரும்.'

'சமயத்துக்கும் அப்பிடியோ?' நான் பகிடிக்குத்தான் கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. 'சமயத்துக்குத்தான் முதல்' என்றாள்.

நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் வருஷம் கார்த்திகையில் லீவுக்கு வந்தவள், 'அம்மா, உங்கட வகுப்பில வந்து இருக்கட்டோ?' என்று கேட்டாள். நான் கேட்காமல் அவளே கேட்டாள் பிள்ளை. கல்லூரியில் படிக்கிறவள், எட்டாம் வகுப்புக்காரியிடம் பார்த்துப் பழக வருகிறாள் என்று நான் நினைத்தேன். வேறென்ன நினைக்கிறது? பின்வரிசை வாங்கில், சின்னதுகளுக்கு நடுவில், முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தாள். அன்றைக்கு நான் வழமையைவிட நல்லாகவே சொல்லிக்கொடுத்தேன். திரியைக் கொளுத்தினபோது எழும்பி வெளியே போனாள். பிறகு கேட்டால் தலையிடியாம்.

அன்று பின்னேரம் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறேன், வந்து பக்கத்தில் இருக்கிறாள்.

'அம்மா, அந்தத் திரிப் பாடம் இன்னும் செய்யிறீங்கள்.'

'ஓம், பாத்தனீதானே.'

'விட்டால் என்ன?'

'விட்டால் பிள்ளையளுக்கு நரகம் எப்பிடி விளங்கும்?'

'விளங்காட்டி என்ன அம்மா?'

ஒரு சமய ரீச்சர் கேட்கிற கேள்வியோ இது? அந்தக் கல்லூரியில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்களோ என்று நினைத்தேன். சண்டை பிடிக்கவில்லை. 'செபமாலைக்கு நேரமாச்சு, கால் கழுவீட்டு வா' என்றேன். வந்தாள். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் வருகிற காரணிக்கமெல்லாம் அவள்தான் சொன்னாள், பிழையில்லாமல்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

கடைசி வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் நின்று படிப்பித்துப் பழகவேணும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவளுக்கு எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடமே கிடைத்தது. அந்த நேரம் எங்கள் ஃபாதர், சுற்றுவட்டாரப் பங்குகளின் மறையாசிரியர் எல்லாருக்கும் ஒருநாள் கருத்தமர்வு வைத்தார். புதுமுறையில் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது என்று பெனிற்றா ஒரு மணித்தியாலம் பேசவேணும் என்று கேட்டார். அதையும் அவளுடைய பயிற்சிப் புள்ளிக்குப் பார்க்கிறதென்று கல்லூரியிலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்தார். சிங்கள ஆள், கத்தோலிக்கர், நல்ல மனுஷன். தமிழ் அவ்வளவு விளங்காது.

நான் திருநாளுக்கு எடுத்த கத்தரிப்பூச் சேலையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் இருந்தேன். பக்கத்தில் யஸ்ரின் அக்கா. மண்டபம் நிறைய ரீச்சர்மார். 'உங்கட மகளோ? உங்கட மகளோ?' என்று எத்தனை பேர். என் வாய் மூடவில்லை.

நல்லாத்தான் தொடங்கினாள். முதல் ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு, 'நான் ஒரு வகுப்பில போய் இருந்தனான். ஊரும் பேரும் வேண்டாம்' என்றாள். என்றுவிட்டு அந்த ரீச்சர் மாதிரி நடித்துக்காட்டினாள். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தேன் வடிகிற குரலில், 'வாங்கோ என்ர ஆட்டுக்குட்டியள்' என்றாள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்படிக் குழைந்து யார் பிள்ளைகளோடு கதைக்கிறது? ஆட்டுக்குட்டியள் என்று எல்லா ரீச்சர்மாரும்தான் கூப்பிடுகிறது, அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு ஒரு பேனையைத் திரி மாதிரி நிறுத்திப் பிடித்து, மற்றக் கையால் இல்லாத பிள்ளை ஒன்றின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். 'கிட்ட வா குஞ்சு, கிட்ட வா.' சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் யஸ்ரின் அக்காவின் முழங்கையில் இடித்து, 'ஆரக்கா அந்த விசரி?' என்று கேட்டேன்.

யஸ்ரின் அக்கா சிரிக்கவில்லை. தன் சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தா.

சத்தியமாக எனக்கு விளங்கவில்லை பிள்ளை. ஏனென்றால் நான் கையைப் பிடிக்கிறதில்லை. பிள்ளை பயந்து பின்னுக்கு இழுத்தால் மட்டும்தான் பிடிப்பேன். அதுவும் மெல்லத்தான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு மறையாசிரியர் எழும்பினார். வயதான மனுஷன். 'தங்கச்சி, பகிடி நல்லாயிருக்கு. ஆனால் பயம் இல்லாட்டி இந்தக் காலத்துப் பிள்ளையள் அடங்குமோ? மெழுகுதிரிச் சூட்டில எந்தப் பிள்ளை செத்தது?' என்று கேட்டார்.

பெனிற்றா பேனையை மேசையில் வைத்தாள்.

'ஒருத்தரும் சாகேல்லை ஐயா. எல்லாப் பிள்ளையளும் கையை இழுத்துக்கொண்டுதுகள். ஒரு பிள்ளை மட்டும் இழுக்கேல்லை. அது ரீச்சரின்ர சொந்தப் பிள்ளை. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்க, அம்மாவின்ர பாடம் பிழைச்சுப் போகக்கூடாது எண்டு நிண்டது. விரல் பொக்களம் போட்டுது. வீட்ட போய்க் காட்ட, அம்மா தேங்காயெண்ணெய் பூசிவிட்டு, இதை யேசுவுக்கு ஒப்புக்குடு பிள்ளை எண்டு சொன்னவ. ஒப்புக்குடுத்தனான். அந்தப் பிள்ளை நான்தான்.'

அவள் என் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் மற்ற எல்லாரும் பார்த்தார்கள்.

அந்த மனுஷன் கேட்டபடியால்தான் அவள் சொன்னாள், இல்லாவிட்டால் சொல்லியிருக்கமாட்டாள் என்று யஸ்ரின் அக்கா இன்றைக்கும் சொல்லுகிறா. யாராவது கேட்டால் உடனே சொல்லிவிடுகிறதோ? ஊரும் பேரும் வேண்டாம் என்றவள், தான்தான் அந்தப் பிள்ளை என்றால் அம்மா யாரென்று சொல்ல வேறு என்ன வேணும்? தேங்காயெண்ணெய் பூசினேன் என்றும் அவள் சொன்னாள்தானே. அது ஒருவரின் காதிலும் விழவில்லை.

இதோடு முடியவில்லை. இடைவேளையில் அந்த விரிவுரையாளரை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தாள். வந்து, அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லுகிறாள், என்னைக் காட்டிக் காட்டி. நீளமாகச் சொன்னாள். 'மை மதர், மை மதர்' என்று வந்தது மட்டும் எனக்கு விளங்கியது. மற்றதொன்றும் விளங்கவில்லை. ஏழாம் ஆண்டுப் பிள்ளைக்கு அவ்வளவு ஓடுமோ? அந்த மனுஷன் கேட்டுவிட்டு, இரண்டு கையையும் கூப்பி, தலையைக் குனிந்து என்னைக் கும்பிட்டார். பாவம் பார்த்துக் கும்பிட்டார். நானும் சிரித்துக்கொண்டு கும்பிட்டேன். வேறென்ன செய்கிறது? நல்லதாகச் சொல்லியிருந்தால் அவள் தமிழில் சொல்லியிருப்பாள்தானே, எனக்கும் விளங்கட்டும் என்று.

மத்தியானம் எல்லாருக்கும் சோறு பகிர்ந்தது நான். ஒரு கறிச் சட்டியும் கை நழுவவில்லை. அந்தப் பெலத்தைத் தந்தது மாதாதான்.

வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றவில்லை, கேட்டேன். 'ஏன் பிள்ளை, என்னட்டைத் தனிய ஒருக்கால் சொல்லியிருக்கலாமே? சபையில போட்டு உடைக்கவேணுமோ?'

'சொன்னனான் அம்மா.'

'எப்ப சொன்னனீ?'

'போன கார்த்திகை அரிசி புடைக்கேக்க சொன்னனான். அதுக்கு முன்னம் சின்னனில ஒவ்வொரு கார்த்திகையும் சொன்னனான்.'

'சின்னனில நீ ஒண்டும் சொல்லேல்லை.'

'காய்ச்சல் எண்டு படுத்தனான்தானே.'

அது உண்மைதான். கார்த்திகை வந்தால் ஒரு ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல் வரும். நெற்றியைத் தொட்டால் சுடவே சுடும். மாரிக் காய்ச்சல் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிட்டு நான் வகுப்புக்கு ஓடுவேன். திரும்பி வந்தால் சுகமாகி, முற்றத்தில் விளையாடிக்கொண்டிருப்பாள். செபத்தின் பலன் என்று நினைப்பேன். நான் என்ன டொக்டரோ? காய்ச்சலைப் பார்த்து அது இன்னதுக்கு வருகிற காய்ச்சல் என்று சொல்லுவதற்கு?

அவளுடைய அப்பா உள்ளே வலை பார்த்துக்கொண்டிருந்தார். 'இரண்டு பேரும் வந்து சாப்பிடுங்கோ' என்றார். அந்த மனுஷனுக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து.

அடுத்த கிழமை ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மரியாதையாகத்தான் கதைத்தார். 'ரீச்சர், கனகாலம் பாடுபட்டுட்டீங்கள். இனிச் சின்ன வகுப்பை பெனிற்றா கொஞ்சம் பாக்கட்டும். பீடத்துப் பூவேலையைப் பொறுப்பெடுக்க நல்ல கையொண்டு தேவைப்படுது' என்றார். சரி ஃபாதர் என்றேன். கீழ்ப்படிதல்தானே முதல். வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய், 'இது உங்கட யோசனையோ ஃபாதர்?' என்று கேட்டேன். அவர் மேசையில் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். 'மகள்தான் வந்து கேட்டவ' என்றார்.

என் வயிற்றில் பிறந்தவள் பிள்ளை. நான் மடியில் இருத்தி, விரலைப் பிடித்துச் சிலுவை அடையாளம் போடப் பழக்கினவள். அவளே போய், என்னை எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

'ஓம், நான்தான் கேட்டனான்' என்றாள். மறைக்கவில்லை. 'எனக்கு உங்களில கோபமில்லை அம்மா. பிள்ளையள் பாவம்.'

'அப்ப நான் பாவமில்லையோ?'

கல்லூரியில் அதற்குப் பதில் சொல்லிக்கொடுக்கவில்லைப் போல.

பிறகு ஞாயிறுகளில் நான் பீடத்தில் பூ அடுக்குவேன், விறாந்தையில் அவளுடைய வகுப்பு நடக்கும். ஒரே சிரிப்புச் சத்தம். கோயிலில் சிரிக்கிறதுக்கு என்ன இருக்கிறது? செபமும் பாடமாக்கத் தேவையில்லையாம், சொந்த வார்த்தையில் சொல்லட்டுமாம். பக்கத்து வீட்டு கெவின், ஏழு வயதுப் பொடியன், என்னிடம் வந்து சொன்னான்: 'ரீச்சர், நான் உங்களுக்காகவும் செபிச்சனான்.' என்ன செபித்தாய் ராசா என்று கேட்டேன். 'பிரகாசி ரீச்சருக்குப் பூ வேலை நல்லாப் பிடிக்கவேணும், எப்பவும் அதையே செய்யவேணும் ஆண்டவரே எண்டு.' எவ்வளவு அன்பு பாருங்கோ. நான் இல்லாமல் அதுகள் எப்படி ஏங்குதுகளோ.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? சரி, சிரியுங்கோ. சின்னப்பிள்ளைகளின் கதை சிரிப்புத்தான்.

நியமனம் வந்தது, மலைநாட்டுப் பக்கம். அங்கே ஆங்கிலத்துக்கு ஆளில்லையாம், சமயம் கிழமைக்கு ஒன்றிரண்டு பாடம்தான். நான் நேர்த்தி வைத்தது ஒன்றுக்கு, கிடைத்தது மற்றதற்கு. அதை விடுங்கோ. அவள் போனால் சின்ன வகுப்பை யார் எடுக்கிறது என்ற கேள்வி வந்தது. என்னிடம் திரும்பி வரும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. போகிறதற்கு முதல்நாள் காலையில் உடுப்பு மடித்துக்கொண்டே சொன்னாள்:

'அம்மா, ஃபாதரோட கதைச்சனான். நீங்கள் திரும்ப எடுக்கலாம். அவருக்கும் விருப்பம்தான். ஒரு வார்த்தை மட்டும் தாங்கோ. திரிப் பாடம் செய்யமாட்டன் எண்டு.'

'செய்யாட்டி நரகம் இல்லையெண்டு ஆகுமோ?'

'நரகம் இருக்கட்டும் அம்மா. அதைக் காட்டிறது நீங்களாக இருக்கவேண்டாம்.'

பாருங்கோ, வாய் எவ்வளவு பழகியிருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை கொடுத்தால் வகுப்புத் திரும்பக் கிடைக்கும். சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால், இவ்வளவு காலமும் செய்தது பிழையென்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதோ? 'நான் பிள்ளைக்கு வாக்குக் குடுத்துப் பாடம் எடுக்கிற ஆளில்லை' என்றேன். அவள் மடித்த சேலையை விரித்து மறுபடி மடித்தாள்.

விடியப் போகிறபோது வழமைபோல யேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். எவ்வளவு கோபமென்றாலும் பயணம் போகிற பிள்ளைக்குச் சிலுவை போடாமல் விட ஏலாது. நெற்றியில் போட்டேன். போட்டுவிட்டு, எனக்கு என்ன வந்ததோ தெரியாது, அவளுடைய வலக்கையைப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு அடையாளமும் இல்லை. வடுவும் இல்லை. எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு கல் இறங்கினது மாதிரி.

'பார்' என்றேன். 'பார் பிள்ளை. ஒரு தழும்பும் இல்லை. இதுக்கோ இவ்வளவும்?'

அவள் முழங்காலில் இருந்தபடியே என்னை அண்ணாந்து பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் நல்லாயிருக்கும்.

'மற்றக் கை அம்மா' என்றாள்.

பிறகு அந்தக் கையை நீட்டினாள். உள்ளங்கை கீழே இருக்க நீட்டினாள். நான் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு, எழும்பு என்றேன். அவள் எழும்பிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தாய்க்கு எந்தக் கை என்று தெரிந்திருக்கவேணும் என்று நினைக்கிறீர்களோ? எண்ணெய் பூசினவள் நான்தானே என்று? நானும் யோசித்துப் பார்த்தேன் பிள்ளை. எண்ணெய்ப் போத்தல் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு என்ன சமைத்தேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. கை மட்டும் வருகுதில்லை.

உங்கள் இடம் கிட்டுதுபோல, எல்லாரும் எழும்புகிறார்கள். பொறுங்கோ, ஓடுகிற பஸ்ஸில் வாளியைத் தூக்காதேங்கோ.

நானோ? நான் இன்னும் போகவேணும், வவுனியாவில் இறங்கி மலைநாட்டு பஸ் எடுக்கவேணும். அவளிடம்தான் போகிறேன். பாரைக் கருவாடும் இடித்த மிளகாய்த்தூளும் கொண்டுபோகிறேன், அந்தக் குளிரில் அவளுக்கு வாய்க்கு ருசியாக ஒன்றும் கிடைக்காது. வருகிறேன் என்று ஃபோனில் சொன்னபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்கோ என்றும் சொல்லவில்லை. 'குளிரும், சுவெற்றர் கொண்டு வாங்கோ' என்றாள்.

இல்லை, நான் ஒன்றும் கேட்கமாட்டேன். கையைக் காட்டு என்று கேட்க எனக்கு வாய் வராது. கேட்கத் தேவையுமில்லை. சமைத்துப் போட்டுவிட்டு முன்னால் இருப்பேன். சோறு சாப்பிடுகிற கையால் அவள் தண்ணீர்க் கிளாஸைத் தொடமாட்டாள், சின்னனில் இருந்தே அப்படிப் பழக்கியிருக்கிறேன். கருவாட்டுக் குழம்பு உறைக்கும். உறைக்கத்தான் வைப்பேன். தண்ணீருக்கு அவள் மற்றக் கையைத்தான் நீட்டுவாள். அப்போது பார்த்துக்கொள்ளுவேன்.